சத்தம் நல்லம், காது நோகுது

கருவாட்டுச் சாக்கை யார் கொண்டுவந்து இறக்கினாலும் ஹாஜியார் மேலே இருப்பதைப் பார்க்கமாட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டு, தோள்மூட்டு வரை கையை உள்ளே விட்டு, அடியில் கிடப்பதில் ஒன்றை இழுத்தெடுத்து முகர்ந்து பார்ப்பார். மேலே அடுக்கியிருப்பது எவ்வளவு நன்றாகக் காய்ந்திருந்தாலும் அவருக்கு அது கணக்கில்லை.

"மேல வெச்சிருக்கிறது எனக்குக் காட்டுறத்துக்கு. அடியில வெச்சிருக்கிறது என்ட தலையில கட்டுறத்துக்கு" என்பார்.

கருவாட்டில் மட்டும் என்றில்லை. பிளேன்டீ வந்தால் கரண்டியால் அடியைக் கிளறிச் சீனியைப் பார்ப்பார். கலியாண வீட்டில் சஹன் என்கிற பெரிய பொதுத் தட்டில் சோறு வைத்தால், சுற்றி உட்கார்ந்திருக்கிற மற்றவர்கள் பிஸ்மி சொல்லி முடிக்க முன்னரே ஒரு பக்கத்தைப் புரட்டி, இறைச்சி எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். அவரோடு ஒரே சஹனில் உட்காரப் பலருக்குப் பயம். ஆனால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். கற்பிட்டியில் பழைய குடும்பம், பள்ளிவாசலில் முதல் வரிசை, மொத்தக் கருவாட்டு வியாபாரம்.

ஒரே ஒருவருடைய சாக்கில் மட்டும் அவர் கை விடுவதில்லை. அது அவருடைய தம்பியின் சாக்கு. தம்பியாருக்குக் கடற்கரையில் மீன் காயப்போடும் வாடி இருந்தது. ஊரில் அவரைச் சின்னவர் என்பார்கள். எதைச் சொன்னாலும் முடிவில் தொண்டைக்குள் 'ஹெ' என்று ஒரு சின்னச் சிரிப்பு வரும். மவுத்து வீட்டில் அழுகைக்கு நடுவில் நின்றாலும் அது வந்துவிடும், அவருக்கே தெரியாமல். அவருடைய சாக்குகள் வந்தால் ஹாஜியார் வெளியிலிருந்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு "ஏத்து" என்பார். அவ்வளவுதான்.

எனக்கு ஹாஜியாரைக் கிட்டத்தில் தெரியவந்தது ஹெட்போனால்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைகளில் ஒருவன். இங்கேயே வளர்ந்து, இங்கேயே கலியாணம் முடித்து, பிள்ளையும் பெற்றாயிற்று. ஆனாலும் ஊருக்கு நாங்கள் வந்த ஆட்கள்தான். சண்டை முடிந்து சில வருடம் போன பிறகு பெரிய தெருவில் ஃபோன் கடை ஒன்று போட்டேன். சார்ஜர், கவர், ரீலோட், சில்லறைத் திருத்த வேலை. கடை அறை ஹாஜியாருடையது. ஹாஜியார் "எழும்பு" என்றால் எழும்பவேண்டியதுதான். அதனால் அவர் படியேறினாலே, அறையைக் காலிபண்ணச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைப்பேன். எனக்கு எப்போதும் இப்படித்தான். ஒன்று நடக்க முன்னர் பத்தை நினைத்துவிடுவேன்.

அப்போது காற்றுக் காலங்களில் வெள்ளைக்காரர்கள் வந்து, பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்கத் தொடங்கியிருந்தார்கள். கொழும்பில் புறக்கோட்டைக் கடையில் நிற்கிற என் மச்சான், "அவங்களுக்கு விக்கலாம்டா" என்று சொல்லிச் சில ஹெட்போன் பெட்டிகளை அனுப்பிவிட்டான். தெருவில் கூவி விற்கிற மலிவுச் சாமான் இல்லை, கோடீஸ்வரர் வாங்குகிறதும் இல்லை, நடுத்தர விலை. வெள்ளைக்காரர்கள் என் கண்ணாடி அலுமாரியைத் திரும்பியும் பார்க்கவில்லை. பார்த்தவர் ஹாஜியார் ஒருவர்தான்.

"அது என்ன தம்பி, தலையில கவுக்கிறது?"

"ஹெட்போன், ஹாஜியார். பாட்டு..." என்று தொடங்கியவன் நாக்கைக் கடித்துக்கொண்டேன். "மார்க்க பயான் கேக்கலாம். நல்ல தெளிவாக் கேக்கும்."

"தெளிவா எண்டு ஆரு சொன்ன? பெட்டியில எழுதியிருக்கா? கொண்டா பாப்பம்."

கறுப்பு நிறத்தில், காதை மூடுகிற பெரிய குடுவைகள் வைத்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். தொப்பிக்கு மேலே மாட்டினார். தன் ஃபோனை எடுத்து வயரைச் செருகினார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். வெயில் நேரம், விசிறி இல்லாத அறை. அவரும் வேர்த்து நானும் வேர்த்து, வந்த ஒன்றிரண்டு ஆட்களும் இதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். கழற்றும்போது அவருடைய காதைச் சுற்றிச் சிவப்பு வளையம்.

"மௌலவி கிணத்துக்குள்ள நிண்டு கதைக்கிறார். டும் டும் எண்டு அடி மட்டும்தான் கேக்குது. காதும் வேகுது. இது கூடாது."

அதோடு போய்விடுவார் என்று நினைத்தேன். மறுநாளும் வந்தார். அடுத்ததை எடுக்கச் சொன்னார்.

அவர் கேட்பதற்கு ஒரே ஒரு பதிவுதான். ஒரு வெள்ளிக்கிழமைக் குத்பா, ஜும்மாத் தொழுகைக்கு முன்னர் மௌலவி செய்யும் பிரசங்கம். வீட்டில் மனைவி கேட்பதற்காக ஒவ்வொரு ஜும்மாவிலும் குத்பாவை ஃபோனில் பிடித்துக்கொண்டு போவது அவருடைய வழக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எத்தனையோ குத்பா இருக்க, ஏன் இந்த ஒன்றையே போடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டதற்கு, "ஒரே அளவுக்கோலால அளந்தாத்தானே எது நீளம் எது கட்டை எண்டு தெரியும்" என்றார். நியாயம்தான். ஆனால் சொல்லும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

சாமானைப் பார்ப்பதில் அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் மௌலவியின் குரல். குரல் காதுக்குள் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா, கொஞ்சம் தள்ளி மிம்பர் மேடையில் நிற்கிறதா என்று பார்ப்பார். "நல்ல ஹெட்போன் எண்டா மௌலவிட தொண்டைக்குள்ள சளி கேக்கோணும்" என்பார். பிறகு பள்ளி விசிறியின் கிறீச், தகரத்தில் காகம் நடக்கிற சத்தம், யாரோ விரலை முறிக்கிற சொடுக்கு. ஒவ்வொன்றும் தனித்தனியாக வரவேண்டும். அதற்குப் பிறகுதான் சுகம். தொப்பியின் தையல் விளிம்பில் வளைவு அழுத்துகிறதா, கண்ணாடிக் காலை மண்டைக்குள் இறக்குகிறதா, தோல் மெத்தை வேர்வையில் ஒட்டுகிறதா. உப்புக் காற்றில் அந்தத் தோல் எத்தனை நாளுக்கு நிற்கும் என்று நகத்தால் சுரண்டியும் பார்ப்பார். நான் பயந்து பயந்து நிற்பேன். சுரண்டிய அடையாளத்தைவிடப் பெரிய கவலை, அவர் மாட்டிய ஹெட்போன்களில் எல்லாம் கருவாட்டு மணம் ஏறிக்கொண்டு வந்தது.

சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தது. குடுவையின் முதுகு மூடாமல் கம்பி வலை போட்டது. காதுக்குக் காற்றுப் போவதால் வேகவில்லை, அதில் அவருக்குத் திருப்தி. ஆனால் உள்ளே கேட்பது வெளியேயும் கசிந்தது. கடை வாசலில் நின்றால் மௌலவி எறும்பு மாதிரிச் சின்னக் குரலில் குத்பா ஓதிக்கொண்டிருந்தார். எதிர்த் தெருவில் ஆட்டோ வைத்திருப்பவன் கூப்பிட்டான்.

"என்னடா, ஹாஜியாரைச் சார்ஜில போட்டிருக்கிறியா?"

"சும்மா இரிடா."

"கொழும்போட கதைக்கிறாரோ? ஆரப் புடிச்சுக் குடுக்கப் போறார் எண்டு கேட்டுச் சொல்லு."

அவன் பகிடிக்குச் சொன்னான். ஆனால் அந்தக் காலத்தில், ஒரு ஆள் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு பேசாமல் தெருவைப் பார்த்திருந்தால், உளவு சொல்கிறார் என்றுதான் நினைப்பு போகும். அன்று நான் நித்திரை கொள்ளவில்லை.

அந்த நாட்களில் ஊரில் வேறொரு கதையும் ஓடிக்கொண்டிருந்தது. ஹாஜியாரின் இளைய மகளுக்குப் புத்தளத்தில் மாப்பிள்ளை பேசி, நாள் குறிக்கும் அளவுக்கு வந்திருந்தது. திடீரென்று அவர்கள் ஒரு ஃபோன் எடுத்து, "இப்போதைக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டார்கள். காரணம் இல்லை. காரணம் சொல்லாமல் நின்றுபோன கலியாணம் பெண்பிள்ளைக்கு எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு வந்த இடங்களும் அதைக் கேட்டுவிட்டுப் பின்வாங்கின. பிள்ளை வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள் என்று என் மனைவி சொன்னாள்.

ஒருநாள் ஹாஜியார் ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"நீயும் ஒருக்காக் கேளு. மௌலவியை விடு. அவருக்குக் கீழ கேளு."

மாட்டினேன். விசிறி, காகம். அதற்கெல்லாம் அடியில், பாயைத் தேய்க்கிறமாதிரி ஒரு குசுகுசு. யாரோ இரண்டு பேர். சொல் ஒன்றும் பிடிபடவில்லை.

"ஆரோ கதைக்கிறாங்க, ஹாஜியார்."

"குத்பா நேரத்தில!" என்றார். "வாய் தொறந்தா ஜும்மாவே பாழாப் போற நேரத்தில. அண்டைக்கு ஃபோனில சார்ஜ் இல்ல. பின்சுவரில செருகிப் போட்டு நான் முன்னுக்குப் போயிட்டன். அண்டைக்குத்தான் மாப்பிள்ளைட மாமா புத்தளத்திலேர்ந்து வந்து, நம்மட பள்ளியில ஜும்மா தொழுதவர். எங்களப்பத்தி விசாரிக்க வந்தவர். பின்வரிசையில இருந்தவர். திங்கக்கிழமை ஃபோன் வந்திட்டு." ஃபோனை என் பக்கம் திருப்பினார். "ஆரு தம்பி அது?"

அந்த வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டப் பிந்திப்போய் நானும் பின்வரிசையில்தான் இருந்தேன். அதுமட்டுமல்ல, அன்று காலையில் அந்த மாமா சார்ஜர் வாங்கும் சாட்டில் என் கடைக்கு வந்து, "அறைச் சொந்தக்காரர்ட குடும்பம் எப்படி?" என்று கேட்டிருந்தார். "நல்ல குடும்பம்" என்றேன். அல்லாஹ் மேல் ஆணையாக அதைத்தான் சொன்னேன். ஆனால் ஹாஜியார் அப்படிக் கேட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு என்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. 'நல்ல' என்று சொல்ல முன்னர் ஒரு மூச்சு இழுத்தேனோ? மீதிச் சில்லறையைக் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பினேனோ? பள்ளிக்குள் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளி இருக்கச் சொன்னேனே, அது பதிவாகியிருக்குமோ?

இவ்வளவு நாளும் அவர் ஹெட்போனைச் சோதிக்கவில்லை, என்னைத்தான் சோதித்திருக்கிறார் என்று அப்போது பட்டது. வந்த ஆள், பின்வரிசையில் இருந்த ஆள், மாப்பிள்ளையின் மாமா வந்துபோன கடைக்காரன். இதைவிடச் சுலபமாக யாரைப் பிடிக்கமுடியும்? அவர் ஒரு சொல் சொன்னால் போதும், அறை போய்விடும். அறை மட்டுமா? பெண்பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்தவன் என்று பெயர் விழுந்தால் இந்த ஊரில் என் பிள்ளைகளுக்கு யார் சம்பந்தம் பேச வருவார்கள்?

"தெளிவில்ல, ஹாஜியார்" என்றேன்.

"அதுதான் நானும் சொல்லுறன். தெளிவான ஒண்டை எடுப்பி."

மச்சானுக்கு ஃபோன் எடுத்தேன். நடுத்தர விலையிலேயே கதைக்கிற குரல் நன்றாக எடுபடுகிற ஒன்று வேண்டும் என்றேன். "நீ என்ன, ரேடியோ ஸ்டேசன் போடப்போறியா?" என்று சிரித்தான். அது வரும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வராமலே போனால் நல்லது என்றும் துவாக் கேட்டேன், வந்து இதற்கொரு முடிவு கண்டால் நல்லது என்றும் கேட்டேன்.

வந்தது. மண்ணிறம், ஒல்லி, பார்க்க ஒன்றுமில்லை. அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி ஹாஜியார் வந்து உட்கார்ந்தார். தொப்பியைச் சரிசெய்து மாட்டினார். நான் சொல்லாமலே விசிறியை நிறுத்தினேன்.

முதல் தடவை கேட்டார். முகத்தில் ஒன்றுமில்லை. விரலால் பின்னுக்குத் தள்ளி இரண்டாம் தடவை கேட்டார். சாக்கின் அடியில் கை விட்டவர் பிடித்ததை வெளியே எடுக்காமல் அப்படியே நின்றமாதிரி இருந்தார். பிறகு மெதுவாகக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எப்படி, ஹாஜியார்?"

"சத்தம் நல்லம்." தொப்பியை எடுத்துத் திரும்பப் போட்டார். "காது நோகுது."

அந்த ஹெட்போன் காதை நெரிக்காது. மெத்தை வெல்வெட் மாதிரி, பாரமும் இல்லை. காதைச் சுற்றிச் சிவப்பும் இல்லை, நான் பார்த்தேன். பள்ளியில் பாங்கு சொன்னார்கள். அவர் எழுந்து பள்ளிக்கு நடந்தார். ஃபோனைக் கூட எடுக்கவில்லை. எதையும் எங்கேயும் விட்டுப்போகாத ஆள்.

மறந்துவிட்டுப் போனாரா, எனக்கென்று விட்டுப்போனாரா என்று எனக்குத் தெரியாது. நான் பள்ளிக்குப் போகவில்லை. என் குரல் அதில் இருக்கிறதா என்று தெரியாமல் என்னால் தொழுகை வரிசையில், ஸஃபில் நிற்கமுடியாது. மாட்டினேன். மெத்தையில் அவருடைய சூடு இன்னும் இருந்தது, கருவாட்டு மணமும்.

மௌலவி தள்ளி நின்று பேசினார். விசிறி தலைக்கு மேலே. அதற்கெல்லாம் கீழே, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல இரண்டு குரல்கள். ஒன்று புத்தளத்து மாமா.

"ஒங்கட காக்காட புள்ளதானே. எப்படி?"

காக்கா என்றால் எங்களில் அண்ணன். மற்றக் குரல், "எங்கட புள்ள. நானே எப்படிச் சொல்லுற" என்றது. கொஞ்சம் விட்டு, "யோசிச்சுச் செய்ங்க" என்றது. அதற்குப் பிறகு, தொண்டைக்குள் ஒரு சின்ன 'ஹெ'.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அவள் கூடாதவள் என்று சொல்லவில்லை, ஒரு குறையும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் விசாரிக்கும்போது பிறத்தியார் இப்படிச் சொன்னால், "ஏன், என்ன விசயம்?" என்று திருப்பிக் கேட்பார்கள். பெண்ணின் சொந்தச் சாச்சா, வாப்பாவின் தம்பியே, சொன்னால் கேட்கமாட்டார்கள். குடும்பத்துக்குள் வைத்து மூடுகிற ஏதோ ஒன்று இருக்கிறது என்று எண்ணி, மரியாதையாக எழுந்து போய்விடுவார்கள்.

ஏன் சொன்னார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவருக்கும் கலியாண வயதில் மகள் இருந்தாள். அதுதானா என்று என்னால் சொல்லமுடியாது.

என் குரல் இல்லை. முதலில் அதுதான் மனதில் ஓடியது, அப்பாடா என்று இருந்தது. அடுத்த நிமிடமே வேறு பயம் பிடித்துக்கொண்டது. இது எனக்குத் தெரியும் என்பது ஹாஜியாருக்குத் தெரிந்தால்? சின்னவருக்குத் தெரிந்தால்? ஹெட்போனைக் கழற்றி அவர் வைத்த மாதிரியே, வயர் அதே பக்கம் விழுகிறமாதிரி மேசையில் வைத்தேன்.

தொழுதுவிட்டு வந்தார். ஃபோனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கேட்டியா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஓம், ஹாஜியார்."

"என்ன கேக்குது?"

"மௌலவிட தொண்டைக்குள்ள சளி."

"அதுக்குக் கீழ?"

"விசிறி. காகம்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான், ஹாஜியார்."

கதிரையில் உட்கார்ந்தார். முழங்காலைத் தடவினார். "நல்ல சாமான் தம்பி இது. குறை சொல்ல ஏலா" என்றார். அதைப் பெட்டிக்குள் அவரே வைத்து, மூடியை இரண்டு கையாலும் அழுத்தினார். பிறகு அலுமாரியைக் காட்டினார். "அந்த முதல் கறுப்பு இருக்கா?"

"அது கிணத்துக்குள்ள மாதிரிக் கேக்குது எண்டு நீங்கதானே..."

"இருக்கா, இல்லையா?"

எடுத்துக் கொடுத்தேன். எதையும் போட்டுப் பார்க்கவில்லை, வயரைக் கூடச் செருகவில்லை. மாட்டிக்கொண்டு, இரண்டு குடுவைகளையும் உள்ளங்கையால் காதோடு அமத்தினார். "இது காதுக்குச் சுகம்" என்று கொஞ்சம் உரத்துச் சொன்னார், தன் குரல் தனக்கே கேட்காதவர் மாதிரி. பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். வேர்க்கும், வேகும் என்று அவர் சொன்ன அதே சாமான்.

அதற்குப் பிறகு அவரை அந்தக் கறுப்பு ஹெட்போன் இல்லாமல் நான் கண்டது குறைவு. கடற்கரையிலும் அதுதான், தொப்பிக்கு மேலே. வயர் சட்டைப் பைக்குள் போகும். பைக்குள் ஃபோன் இருந்ததா என்று எனக்குச் சந்தேகம். உப்புக் காற்றில் தோல் செதில் செதிலாக உரிந்து, காதோரம் கறுப்புத் தூள் ஒட்டியிருக்கும். வயது போய் ஹாஜியாருக்கு விசர் பிடித்துவிட்டது என்று ஆட்டோக்காரன் சொன்னான். மகளுக்குப் பிறகு குருநாகல் பக்கம் ஒரு நல்ல இடம் சரிவந்தது. கலியாணத்தில் சின்னவர் ஓடியாடி வேலை செய்தார், சஹன் வைத்தார், வாசலில் நின்று ஆட்களை வரவேற்றார். காக்காவும் தம்பியும் கட்டிப்பிடித்து, கை கொடுத்து முஸாபஹா செய்ததை எல்லோரும் கண்டார்கள். நானும் கண்டேன். ஹாஜியார் அன்றைக்குச் சஹனைப் புரட்டிப் பார்க்கவில்லை.

கலியாணம் முடிந்து, மகளை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய கிழமை. உம்மாவுக்குக் கொஞ்சம் கருவாடு வாங்க நான் கடற்கரைக்குப் போயிருந்தேன். லொறி நின்றது. ஹாஜியார் ஒவ்வொரு சாக்காகப் பார்த்துக்கொண்டு வந்தார், தலையில் ஹெட்போன். சின்னவரின் சாக்குகள் ஒரு பக்கமாக நின்றன. ஏற்றுகிற ஆட்கள் வழக்கம்போல அவற்றைத் தூக்கக் குனிந்தார்கள். ஹாஜியார் கையைக் காட்டி நிறுத்தினார்.

சட்டைக் கையை மடித்தார். முதல் சாக்கின் வாயை அவிழ்த்து, தோள்மூட்டு வரை கையை விட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் அவசரப்படவில்லை. அடியில் தடவி ஒன்றை இழுத்தெடுத்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்தார். நல்ல கருவாடுதான், நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. அதைத் திரும்ப உள்ளே போட்டுவிட்டு அடுத்த சாக்கின் கயிற்றைப் பிடித்தார்.

சின்னவரின் முகத்தில் இரத்தம் இல்லை. அண்ணனைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், பிறகு ஏனோ என்னையும் பார்த்தார். கிட்ட வந்து மெல்லிய குரலில் ஏதோ சொல்லத் தொடங்கினார். "காக்கா..." என்றது மட்டும்தான் எனக்குக் கேட்டது. முடிவில் அந்தச் சிரிப்பு வரவில்லை.

ஹாஜியார் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஹெட்போனைக் கழற்றவில்லை.